ஐந்து வருடத்தில் பி.எஸ்.-எம்.எஸ். ஆக்சுவேரியல் சயின்ஸ்: அந்த ஐந்தாம் வருடத்துக்குப் பணம் கட்டலாமா?

எடிசன்வாசி — 29 மார்ச் 2025, இரவு 9:40

மகள் இங்கே அமெரிக்காவில் பள்ளியில் கடைசி வருடம். கணக்கு நன்றாக வரும். பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவுப் பாடங்களான ஏ.பி.யில் கால்குலஸ் பி.சி., ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இரண்டும் எடுத்திருக்கிறாள். காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் இடர்க் கணக்குப் போடும் ஆக்சுவேரியல் சயின்ஸ்தான் படிப்பேன் என்கிறாள். இரண்டு இடத்தில் கிடைத்திருக்கிறது. ஒன்று எங்கள் மாநிலத்துக்குள்ளேயே, நான்கு வருட பி.எஸ். (இளநிலை). இன்னொன்று வெளிமாநிலம், ஐந்து வருடத்தில் பி.எஸ்., எம்.எஸ். (முதுநிலை) இரண்டையும் முடித்துக் கொடுக்கிறார்கள். "மாஸ்டர்ஸ் இல்லாமல் இந்தக் காலத்தில் யார் வேலை தருவார்கள்?" என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக இருக்கிறார். மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வட்டிக்கணக்கு — 29 மார்ச், இரவு 11:05

கட்ட வேண்டாம். மகள் இங்கேயே பிறந்தவள், விசா தொல்லை இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இந்தத் தொழிலில் வாசலைத் திறப்பது தேர்வு. ஆக்சுவரிகளின் சங்கமான எஸ்.ஓ.ஏ. நடத்தும் முதல் தேர்வுகள் பி (நிகழ்தகவு), எஃப்.எம். (நிதிக் கணக்கு) இரண்டையும் கல்லூரியில் இருக்கும்போதே பாஸ் செய்து, ஒரு கோடையில் இன்டர்ன்ஷிப் என்ற பயிற்சி வேலைக்கும் போனால் வேலை கிடைக்கும். எம்.எஸ். வைத்துக்கொண்டு தேர்வு எதுவும் எழுதாதவருக்கு நேர்முகம்கூடக் கிடைப்பது கஷ்டம்.

தூக்கம் வருகிறது, மீதி நாளைக்கு.

வட்டிக்கணக்கு — 30 மார்ச், காலை 8:20

சரி, விவரமாக. நான் ஹார்ட்ஃபோர்டு பக்கம், மருத்துவக் காப்பீட்டில் பிரீமியம் கணக்குப் போடும் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இன்டர்ன் விண்ணப்பங்கள் என் மேசைக்கும் வரும். பெயருக்குக் கீழே எந்தெந்தத் தேர்வு, எந்த மாதம் பாஸ் என்று ஒரு வரி இருக்கும். என் கண் முதலில் அங்கேதான் போகும். அப்புறம் ஜி.பி.ஏ. என்ற கல்லூரிச் சராசரி மதிப்பெண், அப்புறம் எக்ஸெல் தவிர வேறு என்ன தெரியும் என்பது. பட்டம் பி.எஸ்.ஸா எம்.எஸ்.ஸா என்று பார்ப்பதற்குள் அந்த விண்ணப்பம் எந்த அடுக்குக்குப் போகும் என்பது பெரும்பாலும் முடிவாகியிருக்கும்.

நானே எம்.எஸ்சி.தான். திருச்சியில் புள்ளியியல் முடித்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். முதல் வேலையில் என் பக்கத்து மேசையில் அயோவாவிலிருந்து வந்த பையன், கல்லூரி முடித்த ஈரம்கூடக் காயவில்லை. அவனிடம் மூன்று தேர்வு, என்னிடம் ஒன்று. வேலை இருவருக்கும் ஒன்றுதான், சம்பளம் அவனுக்குக் கூட. என் பட்டத்துக்கு அங்கே ஒரு காசு மதிப்பில்லை என்று புரிய ஒரு சம்பளச் சீட்டு போதுமானதாக இருந்தது.

வட்டிக்கணக்கு — 30 மார்ச், மதியம் 1:10

இந்த 4+1, அதாவது நான்கு வருட பி.எஸ்.ஸோடு ஒரு வருட எம்.எஸ்., எப்படி வேலை செய்கிறது என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். இங்கேயே போடுகிறேன்.

சாதாரணமாக பி.எஸ்.ஸுக்கு 120 கிரெடிட் (பாட அலகு), எம்.எஸ்.ஸுக்கு 30 சொச்சம். இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் ஐந்தரை, ஆறு வருடம் ஆகும். இந்தத் திட்டத்தில் மூன்றாம், நான்காம் வருடத்திலேயே மூன்று நான்கு முதுநிலைப் பாடங்களை எடுக்க விடுவார்கள். அந்தப் பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் வரும். அதனால் கடைசியில் ஒரு வருடம் மட்டும் மிஞ்சும். பெரும்பாலான இடங்களில் நான்காம் வருடம் வரை இளநிலைக் கட்டணம்தான், ஆக அந்த முதுநிலைப் பாடங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. உண்மையான சேமிப்பு அங்கே இருக்கிறது.

இடிக்கும் இடம் வேறு. திறமைக்காகக் கொடுக்கும் ஸ்காலர்ஷிப் வழக்கமாக எட்டு செமஸ்டரோடு நின்றுவிடும். மத்திய அரசின் உதவித்தொகையான பெல் கிராண்ட் இளநிலைக்கு மட்டும். ஐந்தாம் வருடத்தில் முதுநிலை மாணவர் என்று பதிவு மாறியதும் பில் முழுசாக வந்து நிற்கும். வெளிமாநிலம் என்றால் கேட்கவே வேண்டாம்.

எடிசன், நீங்கள் அந்தக் கல்லூரிக்கு ஃபோன் போட்டு ஒன்று கேளுங்கள். பி.எஸ். பட்டம் நான்காம் வருட முடிவில் கைக்கு வருமா, இல்லை ஐந்தாம் வருடம் இரண்டையும் சேர்த்துத் தருவார்களா? சேர்த்துத் தருவது என்றால் நடுவில் நல்ல வேலை வந்து கிளம்ப நினைத்தாலும் சுலபமாகக் கிளம்ப முடியாது, எதை எப்படி முடித்துக் கொடுப்பது என்று அட்வைசரிடம் மல்லுக்கட்ட வேண்டும்.

வட்டிக்கணக்கு — 30 மார்ச், இரவு 10:30

@டல்லாஸ்மாணவன்: மாணவர் விசாவில் இருக்கும் தனக்கும் எம்.எஸ். வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, உங்கள் கணக்கு வேறு. மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு எம்.எஸ். கட்டாயம் உதவும். ஆக்சுவேரியல் சயின்ஸ் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கிறது. அதனால் படிப்பு முடிந்ததும் இங்கே வேலை செய்ய விடும் ஓ.பி.டி. அனுமதி 12 மாதம், அதற்கு மேல் ஸ்டெம் நீட்டிப்பு 24 மாதம். எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் பொதுவான 65,000 இடங்களுக்கு மேல், அமெரிக்காவில் முதுநிலை முடித்தவர்களுக்கென்று 20,000 தனியாக இருக்கிறது. முதலில் எல்லோரையும் பொதுக் குலுக்கலில் போடுகிறார்கள். அதில் விழாத முதுநிலைக்காரர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு. லாப நோக்கில் நடக்கும் கல்லூரியின் முதுநிலைக்கு இது கிடைக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கொக்கி உண்டு. பி.எஸ். முடித்த கையோடு எம்.எஸ்.ஸுக்குள் போனால் பி.எஸ். அளவில் கிடைத்திருக்கக்கூடிய ஓ.பி.டி. போனது போனதுதான். பி.எஸ்.ஸோடு வேலைக்குப் போய், குலுக்கலில் இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு, கிடைக்காவிட்டால் எம்.எஸ்.ஸுக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு சுற்று ஓ.பி.டி. மிஞ்சும். முடிவெடுக்கும் முன் கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தந்த உங்கள் ஐ-20 படிவத்தை வைத்துக்கொண்டு பேசுங்கள். இணையத்தில் ஒரு அக்கா சொன்னாள் என்று விசா விஷயத்தில் இறங்காதீர்கள்.

எடிசன்வாசி — 31 மார்ச், காலை 7:00

அக்கா, மகள் இங்கே பிறந்தவள்தான். விசா பிரச்சினை இல்லை. பி தேர்வு என்பது கல்லூரி நுழைவுக்கு எழுதும் எஸ்.ஏ.டி.யின் கணக்கு மாதிரி இருக்குமா? அதில் 790 வாங்கினாள்.

வட்டிக்கணக்கு — 1 ஏப்ரல், இரவு 9:15

790-க்கு வாழ்த்துகள். ஆனால் இது வேறு ரகம். பி என்றால் நிகழ்தகவு. மூன்று மணி நேரம், 30 கேள்வி, கணினியில். ஒரு கேள்விக்கு ஆறு நிமிடம். எழுதுகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் ஒவ்வொரு முறையும் தேறுகிறார்கள், அந்தப் பாதியும் கணக்கில் சுமாரானவர்கள் இல்லை.

மகளிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு விபத்தில் வரும் நஷ்டம் 0 முதல் 1000 டாலர் வரை எதுவாகவும் இருக்கலாம், எல்லாத் தொகைக்கும் சம வாய்ப்பு. பாலிசியில் டிடக்டபிள் 200 டாலர், அதாவது முதல் 200 வாடிக்கையாளர் தலையில். ஒரு விபத்துக்குக் கம்பெனி சராசரியாக எவ்வளவு கொடுக்கும்?

விடையை இன்றே சொல்லமாட்டேன்.

வட்டிக்கணக்கு — 2 ஏப்ரல், இரவு 8:50

மூன்று பேர் 300 என்று அனுப்பியிருக்கிறீர்கள். சராசரி நஷ்டம் 500, அதில் 200 போனால் 300. பரீட்சையில் தேர்ந்தெடுக்கக் கொடுக்கும் விடைகளில் ஒன்றாக இந்த 300 நிச்சயம் இருக்கும். உங்களுக்காகவே வைத்திருப்பார்கள்.

விடை 320. நஷ்டம் 150 டாலர் என்றால் கம்பெனி பூஜ்யம் கொடுக்கும். 500-லிருந்து 200-ஐக் கழித்தபோது நீங்கள் அந்த 150 டாலர்க்காரரிடமிருந்து கம்பெனிக்கு 50 டாலர் வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். நடப்பில் அப்படி யாரும் கொடுப்பதில்லை. ஒழுங்காகப் போட்டால், நஷ்டம் 200-ஐத் தாண்டும் வாய்ப்பு 80 சதவீதம். தாண்டினால் கம்பெனி கொடுப்பது 0 முதல் 800 வரை, சராசரி 400. 400-இல் 80 சதவீதம், 320.

இந்த 20 டாலர் வித்தியாசத்தைப் பார்த்து "அட!" என்று உட்கார்ந்தால் அவளுக்கு இந்தத் துறை பிடிக்கும். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றால் டேட்டா சயின்ஸ் பக்கம் போகட்டும், அங்கேயும் சோறு போடுவார்கள்.

எடிசன்வாசி — 2 ஏப்ரல், இரவு 10:20

320 போட்டுவிட்டாள்! என்னைத்தான் 300 சொன்னதற்குக் கேலி செய்கிறாள்.

வட்டிக்கணக்கு — 3 ஏப்ரல், காலை 6:45

பொண்ணு பிழைத்துக்கொள்வாள்.

வட்டிக்கணக்கு — 4 ஏப்ரல், இரவு 9:30

@ஆஸ்டின்அப்பா கேட்டது: "என் பையனுக்கு ஏ.பி. கிரெடிட் நிறைய. மூன்றே வருடத்தில் பி.எஸ். முடித்துவிட்டு நான்காவது வருடத்தில் எம்.எஸ். முடித்துவிடலாமா? நான்கு வருடத்தில் இரண்டு பட்டம், செலவு மிச்சம்."

காகிதத்தில் அருமையாக இருக்கிறது. ஆனால் நாள்காட்டியை எடுத்து வையுங்கள். இங்கே இன்டர்ன்ஷிப் ஆள் எடுப்பது அடுத்த கோடைக்கு, ஆகஸ்ட் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். முதல் வருட மாணவருக்குக் கிடைப்பது அபூர்வம். இரண்டாம் வருடத்துக்குப் பிந்தைய கோடையில் ஒரு தேர்வு பாஸ் செய்தவருக்கு ஓரளவு கிடைக்கும். மூன்றாம் வருடத்துக்குப் பிந்தைய கோடைதான் பெரிய கோடை, அங்கே வேலை செய்தவர்களில் பலருக்கு ஆகஸ்டிலேயே நிரந்தர வேலைக்கான கடிதம் வந்துவிடும்.

மூன்று வருடத்தில் முடிக்கிற பையன் இரண்டாம் வருடத் தொடக்கத்திலேயே, 19 வயதில், "அடுத்து வருவது என் கடைசிக்கு முந்தைய வருடம்" என்று வரிசையில் நிற்க வேண்டும். அப்போது கையில் ஒரு தேர்வாவது இருந்தாக வேண்டும். இருந்தால் சரி. பல வீடுகளில் இருப்பதில்லை. அந்த ஏ.பி. கிரெடிட்டை வைத்து சீக்கிரம் வெளியே வருவதைவிட, ஒரு செமஸ்டர் பாடச்சுமையைக் குறைத்துக்கொண்டு பி தேர்வுக்குப் படிப்பது லாபம்.

வட்டிக்கணக்கு — 6 ஏப்ரல், மாலை 5:00

மேலே எழுதியதை நானே திரும்பப் படித்தேன். கோடை கோடை என்று ஆஸ்டின்காரரை மிரட்டினேன். அதே கணக்கை எடிசன் கேள்விக்குப் போட்டுப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறுகிறது.

4+1-இல் சேருகிறவருக்கு நான்காம் வருடத்துக்கும் ஐந்தாம் வருடத்துக்கும் நடுவில் ஒரு கோடை கூடுதலாக வருகிறது. இன்னும் மாணவர்தான், அதனால் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாம் வருடம் வரை எந்தத் துறை என்று தெரியாமல் உயிரியலிலோ பொருளாதாரத்திலோ சுற்றிவிட்டு, மூன்றாம் வருடத்தில் இங்கே வந்து சேரும் பிள்ளைக்கு அந்தக் கோடை பெரிய வரம். முதல் கோடையைத் தவறவிட்டவர்கள் அதில் உள்ளே நுழைந்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவிலேயே ஒருத்தி இருக்கிறாள். நான்காம் வருடம் முழுக்க ஒரு இடமும் கிடைக்காமல் எம்.எஸ்.ஸில் தொடர்ந்தாள். அந்தக் கோடையில் இன்டர்னாக வந்தவள் இன்று என்னைவிட நன்றாக ஆர் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறாள்.

ஆக ஐந்தாம் வருடத்தின் சரக்கு எம்.எஸ். என்ற பட்டம் இல்லை, அதற்கு முன்னால் வரும் அந்தப் பத்துப் பன்னிரண்டு வாரம். 18 வயதிலேயே இதுதான் என்று முடிவு செய்துவிட்ட எடிசன் பொண்ணுக்கு அது தேவைப்படாமலேயே போகலாம். தேவைப்படுமா என்பது மூன்றாம் வருடத்தில்தான் தெரியும். நல்ல செய்தி, பல கல்லூரிகளில் 4+1-க்கு மூன்றாம் வருடத்தில்தான் விண்ணப்பமே வாங்குகிறார்கள், ஜி.பி.ஏ. 3-க்கு மேல் இருக்க வேண்டும் அவ்வளவுதான். உங்கள் மாநிலக் கல்லூரியிலும் அப்படி ஒரு வழி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இப்போது முடிவெடுக்கவே வேண்டாம்.

வட்டிக்கணக்கு — 9 ஏப்ரல், இரவு 10:00

எம்.எஸ்.ஸுக்கு ஆதரவாக இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

எஸ்.ஓ.ஏ. சில பல்கலைக்கழகங்களை ஆக்சுவேரியல் மேன்மை மையம் என்று அங்கீகரித்திருக்கிறது. கனெக்டிகட், டெம்பிள், பர்டூ, இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்ன், டெமாயினில் இருக்கும் டிரேக் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இப்படி அங்கீகாரம் பெற்ற இடங்களில் சில பாடங்களை உயர்ந்த மதிப்பெண்ணோடு முடித்தால் எஃப்.ஏ.எம்., எஸ்.ஆர்.எம். போன்ற அடுத்த கட்டத் தேர்வுகளை மையத்துக்குப் போய் எழுதாமலேயே வரவு வைத்துக்கொள்ளலாம். யு.ஈ.சி., அதாவது பல்கலைக்கழகத்தில் ஈட்டிய வரவு என்பார்கள். பி, எஃப்.எம். இரண்டுக்கும் இந்தச் சலுகை கிடையாது. அவற்றை எல்லோரும் கணினித் தேர்வு நடத்தும் பிராமெட்ரிக் மையத்தில் உட்கார்ந்துதான் எழுதியாக வேண்டும்.

வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் படித்து எழுதியவள் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. ஆனால் நியாயமாகப் பார்த்தால், ஒரு செமஸ்டர் முழுக்க வீட்டுப்பாடமும் தேர்வும் எழுதி வாங்குவது மூன்றரை மணி நேரத்தில் விடைகளைத் தேர்ந்தெடுப்பதைவிடச் சுலபம் என்று சொல்லமுடியாது. ஐந்தாம் வருடத்தில் இப்படி இரண்டு தேர்வு வரவாகும் என்றால் கட்டணத்தில் ஒரு பகுதிக்கு அர்த்தம் இருக்கிறது. கல்லூரியிடம் எந்தப் பாடத்துக்கு எந்தத் தேர்வு என்று எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத் தாளில் "தேர்வுக்குத் தயார் செய்கிறோம்" என்று இருந்தால் அது யு.ஈ.சி. ஆகாது.

வட்டிக்கணக்கு — 10 ஏப்ரல், காலை 7:10

@பலர்: இந்தத் தேர்வுகளில் எவ்வளவு வாங்கினால் பாஸ் என்று கேட்டிருக்கிறீர்கள். மதிப்பெண் 0 முதல் 10 வரை. 6 வாங்கினால் பாஸ். 10 வாங்கினாலும் 6 வாங்கினாலும் விண்ணப்பத்தில் ஒரே வரிதான். 5 வாங்கியவரோடு ஒரு வாரத்துக்குப் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

வட்டிக்கணக்கு — 14 ஏப்ரல், காலை 9:00

புத்தாண்டு வாழ்த்துகள். வடை போட்டுக்கொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் எண்ணெய் மேல் பழி.

"ஐந்து வருடத்துக்குள் ஐந்தாறு தேர்வு முடித்துவிட்டால் நேரே மேலே போய் உட்காரலாமா?" என்று ஒருவர். உட்காரமாட்டார்கள். அனுபவம் இல்லாமல் ஐந்து தேர்வோடு வருபவரை என் மாதிரி ஆட்கள் சற்றுத் தயங்கித்தான் பார்க்கிறோம். பெரும்பாலான கம்பெனிகளில் ஒவ்வொரு தேர்வுக்கும் சம்பளம் ஏறும். தேர்வுக் கட்டணம், புத்தகச் செலவு எல்லாம் அவர்கள் கணக்கு, வேலை நேரத்திலேயே படிக்கவும் நேரம் தருவார்கள். இவ்வளவையும் விட்டுவிட்டு சொந்தக் காசில், முதுநிலைக் கட்டணம் கட்டிக்கொண்டு அந்தத் தேர்வுகளை எழுதுவானேன்? இரண்டு மூன்றோடு வாருங்கள், மிச்சத்தைக் கம்பெனி செலவில் எழுதுங்கள்.

இது யு.ஈ.சி. பற்றி 9-ஆம் தேதி நான் சொன்னதோடு முட்டுகிறதே என்று கேட்பீர்கள். முட்டுகிறதுதான். ஏற்கெனவே எம்.எஸ். படிப்பது என்று ஆகிவிட்டவருக்கு யு.ஈ.சி. லாபம். யு.ஈ.சி.க்காகவே எம்.எஸ். சேருவது நஷ்டம்.

எஸ்.ஓ.ஏ.வா, இன்னொரு ஆக்சுவரி சங்கமான சி.ஏ.எஸ்.ஸா என்ற கேள்விக்கும் சேர்த்தே: ஆயுள், மருத்துவம், ஓய்வூதியம் என்றால் எஸ்.ஓ.ஏ. கார், வீடு, தீ, புயல் என்றால் 1914-இல் தொடங்கிய சி.ஏ.எஸ். பி, எஃப்.எம். இரண்டும் இரு பக்கமும் செல்லும். எந்தப் பக்கம் என்பதை முதல் இன்டர்ன்ஷிப்பே முடிவு செய்துவிடும்.

வட்டிக்கணக்கு — 22 ஏப்ரல், இரவு 9:45

@கோடம்பாக்கம்கணக்கு: சென்னையில் பி.எஸ்சி. மூன்றாம் வருடம், இங்கே எம்.எஸ். வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு 4+1 பொருந்தாது, தனி எம்.எஸ்.தான். கடன் வாங்கி விமானம் ஏறும் முன் பி, எஃப்.எம். இரண்டையும் இந்தியாவிலேயே எழுதிவிடுங்கள். அங்கேயும் மையங்கள் உண்டு. அங்கேயே தொழில் செய்வதாக இருந்தால் இது வேண்டாத வேலை. இந்திய ஆக்சுவரிகள் கழகத்தின் ஏசெட் நுழைவுத் தேர்வு எழுதி சி.எஸ்.1, சி.எம்.1 என்ற அவர்கள் தேர்வுகள் வழியாகப் போகும் பாதை தனி.

எஃப்.எம். படிக்கும்போது ஒன்று. டி.ஐ. பி.ஏ.-2 பிளஸ் கால்குலேட்டரில் பி.ஜி.என். என்ற மூன்று எழுத்து திரையின் மூலையில் பொடியாகத் தெரியும். அது இருந்தால் தவணை ஆண்டுத் தொடக்கத்தில், இல்லாவிட்டால் முடிவில். ஆண்டுக்கு 1000 வீதம் பத்து வருடம், வட்டி 5 சதவீதம் என்றால் முடிவில் கட்டுவதன் இன்றைய மதிப்பு 7,721.73. தொடக்கத்தில் கட்டினால் 8,107.82. போன கணக்குக்கு மாற்றி வைத்ததை மறந்துவிட்டு அடுத்த நாலு கணக்கையும் கோட்டைவிடுவது நல்ல மாணவர்கள்தான். விடைப் பட்டியலில் அந்தத் தப்பு விடையும் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

எடிசன்வாசி — 30 ஏப்ரல், இரவு 11:20

மாநிலக் கல்லூரிக்கே பணம் கட்டிவிட்டோம். அங்கேயும் மூன்றாம் வருடத்தில் 4+1-க்கு விண்ணப்பிக்கலாமாம், பி.எஸ். நான்காம் வருடமே கைக்கு வந்துவிடுமாம். வீட்டுக்காரர் "அப்போ மாஸ்டர்ஸ் இன்னும் இருக்கு" என்று சமாதானமாகிவிட்டார். பி தேர்வை முதல் செமஸ்டரிலேயே, செப்டம்பரில் எழுதட்டுமா? அவளிடம் டி.ஐ.-84 கால்குலேட்டர் இருக்கிறது, அது போதுமா?

வட்டிக்கணக்கு — 1 மே, காலை 6:50

டி.ஐ.-84-ஐ உள்ளே விடமாட்டார்கள். டி.ஐ.-30 எக்ஸ்.எஸ். மல்டிவியூ வாங்குங்கள், விலை குறைவு, அனுமதி உண்டு. எஃப்.எம். வரும்போது பி.ஏ.-2 பிளஸ் வாங்கிக்கொள்ளலாம்.

செப்டம்பர் வேண்டாம். பி ஒற்றைப்படை மாதங்களில் வருகிறது. பல மாறி கால்குலஸ் தெரியாமல் கூட்டுப் பரவல் பகுதிக்குள் போனால் மனப்பாடம்தான் மிஞ்சும். அந்தப் பாடத்தை முதல் வருடத்தில் முடிக்கட்டும், கோடையில் படித்து ஜூலையில் எழுதட்டும். பாஸானால் ஆகஸ்டில் விண்ணப்பம் போடும்போது அந்த வரி தயாராக இருக்கும். தேறாவிட்டாலும் செப்டம்பர், நவம்பர் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.